மாடித்தோட்டத்தில் கூடுதல் வருமானம்: பெங்களூரு வீடுகளுக்கான கணக்கு என்ன?

பெங்களூரு: மொட்டைமாடியில் காய்கறி வளர்த்து மாதந்தோறும் கணிசமான தொகை ஈட்டலாம் என்று கூறும் விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. அவற்றை நம்பி, வளர்ப்புப் பைகள், இரும்புத் தாங்கிகள், சொட்டுநீர்க் குழாய்கள் எனப் பல ஆயிரம் ரூபாயை முதலில் செலவிட்டு, கடைசியில் சில கட்டுக் கீரையுடன் நின்றுவிடும் குடும்பங்களும் உண்டு. வீட்டுத் தோட்டத்திலிருந்து கூடுதல் வருமானம் உண்மையில் சாத்தியமா, எதில் கிடைக்கும், எதில் கிடைக்காது, சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றை இந்தச் செய்தித் தொகுப்பு விளக்குகிறது.

சுருக்கமான விடை: சாத்தியம்தான். ஆனால் காய்கறியை எடைபோட்டு விற்பதில் அல்ல. குறைந்த இடத்தில் அதிக மதிப்பு தரும் நாற்று, விதை, காளான், பண்டிகைக்கால இலை, பூ ஆகியவற்றிலும், பிறருக்குத் தோட்டம் அமைத்துத் தரும் திறமையிலுமே வருமானம் இருக்கிறது. காய்கறியின் பங்கு, வீட்டுச் செலவைக் குறைப்பது.

கீரை சொல்லும் கணக்கு

பெங்களூருவின் வடமேற்கே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது. 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம் வெளியிடும் ரகங்கள் ‘அர்கா’ என்ற முன்னொட்டுடன் அழைக்கப்படுகின்றன. அவற்றுள் ‘அர்கா சுகுணா’ என்ற கீரை ரகம் மாடித்தோட்டத்துக்கு ஏற்றது. விதைத்த 25-ஆம் நாளில் முதல் அறுவடை. பிறகு 90 நாட்கள் வரை 5 அல்லது 6 முறை அறுத்தெடுக்கலாம். வயலில் ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன் விளைச்சல் தரும் ரகம் இது.

இந்த அளவை மாடிக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 2.5 முதல் 3 கிலோ. 10 சதுர மீட்டர் பரப்பில், வயலுக்கு இணையான கவனிப்பு இருந்தால், 3 மாதங்களில் 25 முதல் 30 கிலோ கிடைக்கும். கிலோ 60 ரூபாய் என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால், மொத்தம் 1,500 முதல் 1,800 ரூபாய். அதாவது மாதம் 500 முதல் 600 ரூபாய். இதிலிருந்து விதை, உரம், தண்ணீர்ச் செலவைக் கழிக்க வேண்டும். தினமும் செலவாகும் நேரம் கணக்கில் சேரவே இல்லை.

விலையை உயர்த்தவும் வழி குறைவு. கே.ஆர். மார்க்கெட்டுக்குச் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து லாரி லாரியாகக் காய்கறி வருகிறது. விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பான ஹாப்காம்ஸ் நகரெங்கும் கடைகளை நடத்துகிறது. இவற்றுடன் விலையில் போட்டியிட ஒரு மொட்டைமாடியால் இயலாது. எனவே கீரையையும் காய்கறியையும் விற்பனைப் பொருளாகக் கருதாமல், வாங்காமல் மிச்சப்படுத்திய தொகையாகக் கருதுவதே சரியான கணக்கு.

முன்பு முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை?

பெங்களூருவில் கீரையும் பூவும் விற்றே தலைமுறைகளாக வாழ்ந்த சமூகம் உண்டு. தமிழ் வேர்கள் கொண்ட திகளர் சமூகத்தினரே அவர்கள். 1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலி லால்பாக் பூங்காவைத் தொடங்கியபோது, தோட்டக்கலையில் தேர்ந்த திகளர்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆண்டுதோறும் தர்மராயர் கோயிலில் நடைபெறும் புகழ்பெற்ற கரகத் திருவிழாவை நடத்துவோரும் இவர்களே.

திகளர்களின் தோட்டங்கள் ஏரிகளை ஒட்டி அமைந்திருந்தன. நிலம் இருந்தது, ஏரித் தண்ணீர் இருந்தது, நடந்துசெல்லும் தொலைவில் சந்தையும் இருந்தது. அத்தகைய ஏரிகளுள் ஒன்றான சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி இன்று கண்டீரவா விளையாட்டரங்கமாக மாறிவிட்டது. இன்றைய மாடித்தோட்டத்தில் சந்தை மட்டுமே அருகில் உள்ளது. நிலமும் நீரும் இல்லை. ஆகவே திகளர்கள் விற்ற அதே பொருளை அதே முறையில் விற்று இலாபம் காண முடியாது. சிறிய இடத்தில் அடங்குவதும், அண்டைவீட்டாருக்குத் தேவைப்படுவதுமான பொருளைத் தேட வேண்டியுள்ளது.

அரை சதுர மீட்டரில் நாற்று

அவ்வகையில் முதலிடம் பெறுவது நாற்று. 98 குழிகள் கொண்ட ஒரு நாற்றுத் தட்டு சுமார் 0.15 சதுர மீட்டர் இடத்தையே அடைக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகள் ஏறத்தாழ 25 முதல் 40 நாட்களில் நடவுக்குத் தயாராகிவிடும். 3 தட்டுகளில் 294 குழிகள். முளைக்காதவை, வாடியவை, விற்காதவை போக 200 நாற்றுகளை 5 ரூபாய்க்கு விற்றால் 1,000 ரூபாய் கிடைக்கும். 10 சதுர மீட்டர் கீரைப் பாத்தி ஒரு மாதத்தில் தருவதைவிட, அரை சதுர மீட்டருக்கும் குறைவான இடம் தருவது அதிகம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாற்று வாங்க மாதந்தோறும் 200 பேர் வரமாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்திலும், மழை தணிந்து குளிர்காலம் தொடங்கும் அக்டோபர், நவம்பரிலும் தேவை கூடும். எனவே ஆண்டு முழுவதும் தட்டுகளை நிரப்பாமல், இவ்விரு பருவங்களுக்கு ஒரு மாதம் முன்னதாக விதைப்பது நல்லது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே தேவையைக் கேட்டு, கேட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாக விதைத்தால் வீணாவது குறையும்.

விதையில் கவனம் தேவை

நாட்டு ரக அவரை, வெண்டை, பீர்க்கு, கீரை ஆகியவற்றின் விதைகளுக்கு மாடித்தோட்ட ஆர்வலர்களிடையே தொடர்ந்து தேவை உள்ளது. ஆனால் எல்லாச் செடியிலிருந்தும் விதை எடுத்து விற்க முடியாது. எடுத்துக்காட்டாக, ‘அர்கா ரக்ஷக்’ தக்காளி ஒரு கலப்பின வீரிய ரகம். அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போன்ற செடியைத் தராது. ‘அர்கா விகாஸ்’ தக்காளி, ‘அர்கா அனாமிகா’ வெண்டை போன்றவை கலப்பினம் அல்லாதவை. அவற்றின் விதையை அடுத்த பருவத்துக்குச் சேமிக்கலாம்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகமாயினும் தாம் விளைவித்த விதையை விற்கும் உரிமையை விவசாயிகளுக்கு அளிக்கிறது. ஆனால் வணிகப் பெயரிட்ட விதையாக விற்கக் கூடாது என்கிறது. வீட்டுத் தோட்டக்காரர்களும் இந்த எல்லையை மதித்து, பயிரின் பெயர், விதை எடுத்த மாதம் ஆகியவற்றை மட்டும் காகித உறையில் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பானது.

வெயில் இல்லாத வீட்டுக்குக் காளான்

மொட்டைமாடி இல்லாதவர்களுக்கும், பால்கனியில் வெயில் விழாதவர்களுக்கும் சிப்பிக் காளான் ஒரு வழி. சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூருவின் மிதமான வெப்பம் இதற்குச் சாதகமானது. ஊறவைத்து, வெந்நீரில் நச்சுநீக்கிய வைக்கோலில் காளான் வித்தைக் கலந்து பைகளில் கட்டித் தொங்கவிட்டால், மூன்று, நான்கு வாரங்களில் முதல் அறுவடை கிடைக்கும். 1 கிலோ உலர் வைக்கோலுக்கு அரை கிலோவுக்கு மேல் காளான் எடுப்பது நல்ல பராமரிப்பில் சாத்தியம்.

ஹெசரகட்டா நிறுவனத்தின் காளான் ஆய்வகம் வித்துகளையும், காளான் முளைக்கத் தயாரான பைகளையும் விற்பனை செய்கிறது, பயிற்சியும் அளிக்கிறது. முதன்முறை முயல்வோர் தயார்நிலைப் பைகள் சிலவற்றுடன் தொடங்கினால் இழப்பு குறையும். காளான் விரைவில் வாடும் பொருள் என்பதால், பறித்த அன்றே கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர்களை முதலில் உறுதிசெய்ய வேண்டும். காளானின் நுண்வித்துகள் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். ஆகவே படுக்கையறையிலோ, ஆஸ்துமா உள்ளவர்கள் புழங்கும் இடத்திலோ வளர்க்கக் கூடாது.

பண்டிகை நாளில் இலைக்கு மதிப்பு

யுகாதிக்கு மாவிலையும் வேப்பிலையும், வரமகாலட்சுமி நோன்புக்குப் பூவும், விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல்லும் வேண்டும். இந்த நாட்களில் காந்தி பஜாரிலும் மல்லேஸ்வரத்திலும் பூ விலை பன்மடங்கு உயர்வது நகரவாசிகள் அறிந்ததே. துளசி, வெற்றிலைக் கொடி, மல்லிகை, கனகாம்பரம், அருகம்புல் ஆகியவை தொட்டியில் வளர்பவை. ஆண்டு முழுவதும் விற்காவிட்டாலும், ஏழெட்டுப் பண்டிகை நாட்களில் ஒரு குடியிருப்புக்குள்ளேயே விற்றுத் தீரும். பொங்கல், ஆயுத பூசை ஆகிய நாட்களில் அல்சூர், சிவாஜிநகர் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில் இத்தேவை கூடுதல்.

கழிவிலிருந்து உரம்

2012-ஆம் ஆண்டு மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டதைத் தொடர்ந்து பெங்களூருவின் தெருக்களில் குப்பை தேங்கியது. வீட்டிலேயே உரம் தயாரிக்கும் பழக்கம் அதன் பின்னர் வேகமாகப் பரவியது. 2006-ஆம் ஆண்டிலேயே பெங்களூருவில் தொடங்கப்பட்ட ‘டெய்லி டம்ப்’ நிறுவனம் சுடுமண் உரக்கலன்களைப் பரவலாக்கியது. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள ஸ்வச்சாகிரஹ கலிகா கேந்திரத்தில் பலவகை உரக்கலன்களை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

நாளொன்றுக்கு 1 கிலோ காய்கறிக் கழிவு சேரும் வீட்டில், மக்கிய பின் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சுவதாகக் கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 70 கிலோ உரம் கிடைக்கும். இதன் முதல் பயன் தோட்டச் செலவைக் குறைப்பதே. மூட்டையில் அடைத்து, உரம் என்று பெயரிட்டு வணிகமாக விற்பது 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்புக்குள் வரும். அதனால் நாற்றுடன் சேர்த்துச் சிறு தொட்டியில் நிரப்பிக் கொடுப்பதே எளிய வழி.

திறமைக்கும் கூலி உண்டு

இரண்டு, மூன்று பருவங்கள் வெற்றிகரமாகச் செடி வளர்த்தவரிடம் விற்கத் தகுந்த இன்னொன்றும் சேர்ந்துவிடுகிறது: அனுபவம். இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் செடி வைக்க ஆசை இருக்கிறது, நேரம் இல்லை. பால்கனியில் தொட்டிகளை அமைத்துத் தருதல், வாரம் ஒருமுறை சென்று கத்தரித்து உரமிடுதல், வெளியூர் செல்லும்போது நீரூற்றுதல் ஆகியவை கட்டணம் பெறக்கூடிய பணிகள். மழையோ பூச்சியோ விளைச்சலைக் கெடுத்தாலும் இந்த வருமானம் பெரிதாகப் பாதிக்கப்படாது என்பது குறிப்பிடத்தக்கது.

எங்கே கற்பது, எங்கே விற்பது?

பெங்களூருவில் மாடித்தோட்டத்தை மக்கள் இயக்கமாக்கியவர்களுள் முக்கியமானவர் வேளாண் அறிவியலர் பி.என். விஸ்வநாத். அவருடன் தொடர்புடைய ‘கார்டன் சிட்டி ஃபார்மர்ஸ்’ அமைப்பு, 2011-ஆம் ஆண்டு முதல் ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ என்ற நிகழ்ச்சியை நகரின் வெவ்வேறு பகுதிகளில் நடத்தி வந்துள்ளது. கன்னடத்தில் ஊட்டா என்பது உணவு. தோட்டா என்பது தோட்டம். விதைப் பரிமாற்றம், நாற்று, உரக்கலன், வீட்டுத் தயாரிப்பு உணவு ஆகியவற்றுக்கான அரங்குகள் இதில் இடம்பெறுவது வழக்கம்.

ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடைபெறும் லால்பாக் மலர்க் கண்காட்சி, வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் கிருஷி மேளா ஆகியவை விலை நிலவரத்தையும் புதிய ரகங்களையும் அறிய உதவும். தமிழ்நாட்டில் வசிப்போருக்கு, வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை அம்மாநிலத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கியுள்ளது.

தண்ணீர்தான் முதல் தடை

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம், கடும் தட்டுப்பாட்டின்போது, பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மீண்டும் மீறினால் மேலும் 5,000 ரூபாயுடன் நாளொன்றுக்கு 500 ரூபாய் என்றும் அறிவித்தது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் இதே போன்ற உத்தரவு வந்தது. ஒரே அபராதம் பல மாதக் கீரை வருமானத்தை விழுங்கிவிடும். டேங்கர் தண்ணீர் வாங்கிச் செடி வளர்த்தாலும் கணக்கு நேராகாது.

தீர்வு கூரையிலேயே இருக்கிறது. பெங்களூருவின் சராசரி ஆண்டு மழையளவு 900 மில்லிமீட்டருக்கு மேல். 100 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையில் 80 சதவீதத்தைப் பிடித்தாலும் ஆண்டுக்கு 70,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். அரிசி, காய்கறி கழுவிய நீரையும் செடிக்கு ஊற்றலாம். ஏப்ரல், மே மாதங்களில் நிழல்வலை கட்டி, புதிய நடவைத் தவிர்ப்பது நீர்த்தேவையைப் பெருமளவு குறைக்கும்.

மாடி எவ்வளவு எடை தாங்கும்?

ஆட்கள் நடமாடும் தட்டையான மாடிக்கு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமையை இந்தியத் தர நிர்ணய விதிகள் அடிப்படையாகக் கொள்கின்றன. 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரமண் பரப்பினாலே அது சதுர மீட்டருக்கு 250 கிலோ வரை வந்துவிடும். எனவே மாடியில் மண்ணை நேரடியாகக் கொட்டிப் பாத்தி கட்டக் கூடாது. தென்னை நார்க்கழிவும் உரமும் கலந்த இலகுவான கலவையைப் பைகளில் நிரப்பி, சுவர்களையும் உத்தரங்களையும் ஒட்டி இடைவெளி விட்டு வைக்க வேண்டும். நீர்க்கசிவைத் தடுக்க, பைகளைத் தரையில் வைக்காமல் தாங்கிகள் மீது வைப்பது அவசியம். பழைய கட்டடமாயின் பொறியாளரின் கருத்தைப் பெறுவது நல்லது. வாடகை வீட்டில் உரிமையாளரிடமும், அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியிருப்போர் சங்கத்திடமும் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்றபின் தொடங்கினால் பிற்காலத் தகராறுகள் எழா.

விற்கும் முன் அறிய வேண்டிய விதிகள்

பறித்த நிலையில் கீரையை அண்டைவீட்டாருக்குக் கொடுப்பதும், அதையே பொடியாகவோ ஊறுகாயாகவோ மாற்றி விற்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. கறிவேப்பிலைப் பொடி, ஊறுகாய், உலர்த்திய காளான் போன்ற பதப்படுத்திய உணவை விற்க, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்கான பதிவு தேவை. இதை இணையவழியில் பெறலாம்.

‘இயற்கை விளைபொருள்’ என்ற முத்திரைக்கும் விதி உண்டு. 2017-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி இதற்கு அங்கீகரிக்கப்பட்ட சான்று வேண்டும். விளைவித்தவரே நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது விலக்கு உள்ளது. கடைகள் வழியாக விற்கும்போது அந்த விலக்கு பொருந்தாது. பிரதான சாலையோரம் உள்ள மாடிகளில் தூசி படியும் கீரையை நன்கு கழுவியே கொடுக்க வேண்டும்.

முதல் ஆண்டுக்கான திட்டம்

முதல் 3 மாதங்கள் எதையும் விற்க முயலாமல், 10 பைகளுக்கு மேல் வாங்காமல், வீட்டுக்குத் தேவையான கீரையை மட்டும் வளர்க்கலாம். செலவு, வாங்காமல் மிஞ்சிய தொகை, செலவிட்ட நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். அடுத்த 3 மாதங்களில் ஒரு தட்டு நாற்றும் உரக்கலனும் சேர்க்கலாம். ஆறு மாதக் கணக்கில் மிச்சம் தெரிந்தால், அந்த மிச்சத்தை மட்டும் அடுத்த கட்டத்தில் முதலிடுவது பாதுகாப்பானது. கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ மாடித்தோட்டம் தொடங்குவதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மொத்தமாக மதிப்பிட்டால், ஒரு சாதாரண மொட்டைமாடி சம்பளத்துக்கு மாற்றாகாது. சமையலறைக் கீரைச் செலவைக் குறைத்து, நாற்று, பூ, காளான், பராமரிப்புப் பணி ஆகியவற்றின் மூலம் மாதம் சில ஆயிரம் ரூபாய் வரை சேர்க்க வாய்ப்புள்ளது. அந்த அளவுக்கு எட்டுவதற்கும் ஓராண்டு பொறுமையும், மழைநீரைச் சேமிக்கும் ஏற்பாடும், அருகிலேயே வாடிக்கையாளர்களும் தேவை என்பதை மனத்தில் கொண்டு தொடங்குவோர் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.